மற்றக் கொப்பி

தண்ணீர் வடிந்து நாலு நாளாகியும்
வியாசர்பாடி நாறிக்கொண்டிருந்தது.
பாரிஷ் ஹாலில் மேடைமேல் அரிசி மூட்டை,
கீழே மனிதர்கள்.
ஸ்டோர் சாவி என் இடுப்பில்.
மேசையில் இரண்டு நோட்டு:
பச்சை அட்டை வாங்குகிறவர்களுக்கு,
சிவப்பு அட்டை கொடுக்கிறவர்களுக்கு.

பச்சையில் பன்னிரண்டு கட்டம்.
பெயர், தெரு, வீட்டில் எத்தனை தலை,
எத்தனை அடி தண்ணீர் நின்றது,
கைநாட்டு, போட்டோ எடுத்தாயிற்றா.
போட்டோ முக்கியம் என்று
போதகர் மூன்று முறை சொல்லிவிட்டார்.
பை தெரியணும், பைமேல் முத்திரை தெரியணும்,
முகம் கொஞ்சம் சிரித்தால் நல்லது.
பட்டாளம் மார்க்கெட்டில் மீன் விற்கும் கன்னியம்மா
பையைக் காமிராக்காரனிடமே நீட்டி
"இந்தா, நீயே சிரி" என்றாள்.

டென்மார்க்கில் ஒரு சகோதர சபை
எட்டுப் பெட்டி ஸ்வெட்டர் அனுப்பியிருந்தது.
கம்பளி. மான் படம் போட்டது.
டிசம்பரிலும் முதுகு வேர்க்கும் ஊரில்
அதை யார் பெயரில் எழுதுவது?
ஆனால் காய்ச்சல்காரச் சிறுமி ஒருத்தி
மானைக் கழுத்துவரை இழுத்துவிட்டுத் தூங்கினாள்.
அப்புறம் நான் கிண்டல் செய்வதில்லை.

ஐந்தாம் நாள் காலை
ஷேர் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது.
நாலு பெண்கள், மூன்று குண்டான்.
முன்னால் வந்தவளிடம் பெயர் கேட்டேன்.
"தவமலர்."
இடம்?
"புழல் காம்ப்."
கை தானாகப் பச்சையைத் திறந்தது.
வீட்டில் எத்தனை தலை என்றும் கேட்டுவிட்டேன்.
அவள் கோபப்படவில்லை.
குனிந்து மேசையைப் பார்த்துச் சொன்னாள்:
"இது இல்லை அண்ணை.
மற்றக் கொப்பி."

மூடியைத் திறந்தார்கள். இடியப்பம், சொதி.
முன்னூறு பேருக்கு என்றார்கள்,
இருநூற்றெழுபதுக்கு வந்தது.
மாதப் பணம் வந்த அன்றே
வீட்டுக்கு இவ்வளவென்று போட்டதாம்.
உங்கள் வரிசையில் தண்ணீர் புகவில்லையா
என்று கேட்க வாய் வரவில்லை.
நாலு சேலைக் கரையிலும்
சேறு காய்ந்து வெடித்திருந்தது.

சிவப்பு நோட்டில் நாலே கட்டம்.
கொடுப்பவர், பொருள், மதிப்பு, நாடு.
அவளுக்கு மேலே டென்மார்க், ஜெர்மனி,
கனடாவில் ஒரு பெண்கள் ஐக்கியம்.
பேனா நாலாவது கட்டத்தில் நின்றது.
"நான் பிறந்தது மண்டபம் காம்ப்பில.
அம்மா முல்லைத்தீவு.
கார்டில வேற மாதிரிப் போட்டிருக்கு.
என்னண்டு எழுத?"
முப்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான்.
தெரியவில்லை.
அவளே கொஞ்சம் யோசித்து
புழல் என்று எழுதினாள்,
குண்டுக் கையெழுத்தில்,
கோடு தாண்டாமல்.

நாலு மணிக்கே கிளம்பிவிட்டார்கள்.
"ஆறுக்கு ஆள் எண்ணுவினம்."
கழுவிக் கவிழ்த்த குண்டான்களை
மறந்துபோனார்கள்.

மார்ச்சில் தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவன்,
டில்லிப் பையன், சிவப்பில் விரல் வைத்து
"சார், இது எந்தக் கண்டம்?
எக்ஸ்சேஞ்ச் ரேட் என்ன?" என்றான்.
ஒரு ஏரி உண்டு, ஒரு ஜெயில் உண்டு,
நாடு என்றே வைத்துக்கொள் தம்பி என்றேன்.
எழுதிக்கொண்டான்.

குண்டான்களை அதற்கு வெகு முன்பே
கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.
வெறும் பாத்திரம் திருப்புவது முறையில்லை.
ஸ்டோரில் எல்லாமே இருந்தது,
எல்லாவற்றுக்கும் கணக்கும் இருந்தது.
மாதவரம் ரவுண்டானாவில் இறங்கி
ஒவ்வொன்றுக்கும் ஒரு கிலோ சர்க்கரை போட்டேன்.
கடைக்காரர் பில் நீட்டினார்,
வேண்டாம் என்றேன்.

கேட்டில் ஏட்டு மூடியைத் தூக்கிப் பார்த்தார்,
சர்க்கரைக்குள் விரல் விட்டுப் பார்த்தார்,
பிறகு ஒரு நோட்டைத் தள்ளினார்.
பெயர், ஊர், யாரைப் பார்க்க, எதற்காக.
கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போய்
கடைசியில் நின்றேன்.
பின்னால் வரிசை இருமியது.
குண்டான் என்று எழுதினேன்.